பனிமலைக்கு வண்டி எடுத்துப் போகும் விருத்தாசலத்துப் பிள்ளைகளுக்கு

போன மாதம் எங்கள் தெருப் பிள்ளைகள் நான்கு பேர் தெரிந்தவர் ஒருவரின் வேனை எடுத்துக்கொண்டு மணாலிக்குப் புறப்படுவதாகச் சொல்லிவிட்டுப் போக வந்தார்கள். வாசலில் நின்ற வேனின் டயரைக் குனிந்து தடவிப் பார்த்தேன். கிளேஸ் போட்ட ஓடு மாதிரி வழவழவென்று தேய்ந்திருந்தது. ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே குழாய்த் தண்ணீர். பயணத்தை ஒரு வாரம் தள்ளிப்போடச் சொன்னேன். அந்த ஒரு வாரம் மாலை நேரங்களில் திண்ணையில் உட்கார்ந்து அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் 1983-ல் ராணுவத்தில் டிரைவராகச் சேர்ந்தவன். பெங்களூரில் பயிற்சி. பிறகு பதினேழு ஆண்டுகளில் பாதிக்கு மேல் காஷ்மீர், லடாக் பக்கம். சக்திமான் லாரி, ஜோங்கா, ஜிப்சி, கடைசியில் ஸ்டாலியன் என்று ஓட்டினேன். ஊர் திரும்பி பீங்கான் லோடு அடித்தேன். பனியில் ஓட்டக் கற்றதற்கும் ஃபியூஸ் கட்டையும் அகல்விளக்கும் உடையாமல் கொண்டுபோகக் கற்றதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பது என் அனுபவம்.

1. உங்கள் வண்டியை எந்தச் சக்கரம் நகர்த்துகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஐந்து வருடம் வண்டி ஓட்டியவர்களைக் கேட்டால்கூடப் பாதிப் பேர் விழிக்கிறார்கள். நம் ஊர்ச் சாலையில் அது தெரியாவிட்டாலும் காலம் ஓடிவிடும். பனியில் ஓடாது.

ஆல்டோ, ஸ்விஃப்ட், டிசையர், எர்டிகா, பிரெஸ்ஸா, கிரெட்டா எல்லாம் முன்சக்கரம் இழுக்கும் வண்டிகள். எஞ்சினின் எடை அந்தச் சக்கரங்களின் மேலேயே உட்கார்ந்திருப்பதால் பனியில் அவற்றுக்குப் பிடிப்பு கிடைக்கும். மணாலியிலும் சிம்லாவிலும் உள்ளூர் டாக்ஸிக்காரர்கள் சின்ன ஆல்டோவைச் செயின் போட்டுக்கொண்டு ஏற்றுவதைப் பார்த்தால் நமக்குக் கண் விரியும். மந்திரம் ஒன்றுமில்லை. சின்ன எடை, குறுகிய டயர், இழுக்கும் சக்கரத்தின் மேல் எஞ்சின், அதோடு அந்த வளைவில் நூறு முறை போய்வந்த கை.

பொலிரோ, இன்னோவா கிரிஸ்டா, டெம்போ டிராவலர், ஆம்னி, ஈகோ, டாட்டா ஏஸ், பழைய அம்பாசிடர் எல்லாம் பின்சக்கரம் தள்ளும் வண்டிகள். வண்டி காலியாக இருந்தால் பின்பக்கம் லேசாகிவிடும். பனியில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும், வளைவில் வால் வெளியே போகும். அதனால் பழைய டிரைவர்கள் பின் அச்சுக்கு மேலே இரண்டு மணல் மூட்டையைப் போட்டுக் கட்டிவிடுவார்கள். எடைக்கு எடை ஆயிற்று, சக்கரம் மாட்டிக்கொண்டால் அடியில் தூவ மணலும் ஆயிற்று. கட்டாமல் மட்டும் வைக்காதீர்கள். பிரேக் அடித்தால் மூட்டை உங்கள் முதுகுக்கு வரும்.

2. உயரமான வண்டியெல்லாம் நான்கு சக்கரமும் இழுக்கும் ‘நாலு சக்கர வண்டி’ இல்லை. இந்த மயக்கத்தால்தான் மலையில் பாதி வண்டிகள் மாட்டுகின்றன. நம் சாலைகளில் ஓடும் எஸ்.யூ.வி.களில் பெரும்பாலானவை இரண்டு சக்கரத்தால் ஓடுகிறவைதான். தார் என்ற ஜீப்பிலேயே பின்சக்கரம் மட்டும் தள்ளும் வகை விற்கிறது. தோற்றம் ஒன்று, வேலை வேறு. பனி கொட்டிய நாளில் மணாலியை அடுத்த சோலங் பக்கம் போலீஸ்காரர் நிறுத்தி, நாலு சக்கர வண்டியா, செயின் இருக்கிறதா என்று கேட்பார். அப்போது ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு நிற்காதீர்கள்.

அடிவயிற்று உயரத்துக்கு ஒரு பயன் உண்டு. ஆழமான புதுப் பனியில் தாழ்ந்த கார் பனியின் மேல் படகு மாதிரி உட்கார்ந்துவிடும். சக்கரம் தரையைத் தொடாது. உயர்ந்த வண்டி அப்படி உட்காராது. ஆனால் இறுகிய பனியிலும் பனிக்கட்டியிலும் அந்த உயரத்தால் ஒரு நன்மையும் கிடையாது.

3. இந்த மூன்றாவதை மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகச் சொல்கிறேன். நாலு சக்கர இழுவை வண்டியைக் கிளப்பும், ஏற்றும். நிறுத்தாது.

ஜோஜிலா கணவாய் 3,528 மீட்டர் உயரம். ஒரு நவம்பரில் அங்கிருந்து சோன்மார்க் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தோம். எங்கள் லாரி வரிசை முதல் கியரில் நத்தை மாதிரி ஊர்ந்தது. பின்னால் வந்த ஒரு ஜிப்சிக்குப் பொறுமை இல்லை. ஏற்றத்தில் எங்கள் எல்லோரையும்விட லேசாக ஏறிய வண்டி. அந்த நம்பிக்கையிலேயே இறக்கத்திலும் முந்தியது. வளைவு வந்ததும் பிரேக் விளக்கு எரிந்தது. நான்கு சக்கரமும் நின்றன, வண்டி நிற்கவில்லை. எங்களைத் தாண்டி, ஓசையே இல்லாமல், மலையோரம் குவிந்திருந்த பனிக்குள் போய் முட்டியது. பள்ளத்தின் பக்கம் போயிருந்தால் அந்தப் பையன் இன்று இல்லை.

ஏன் என்று கணக்காகவே பாருங்கள். காய்ந்த தார்ச்சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் அழுத்தினால் சுமார் 9 மீட்டரில் வண்டி நின்றுவிடும். இறுகிய பனியில் அதே வேகத்துக்கு 30 மீட்டருக்கு மேல் ஆகும். கண்ணாடிப் பனிக்கட்டியில் 60 மீட்டரைத் தாண்டும். இது ஆல்டோவுக்கும் ஒன்றுதான், கோடி ரூபாய் வண்டிக்கும் ஒன்றுதான். எஞ்சின் எந்தச் சக்கரத்தைச் சுழற்றினாலும் பிரேக் பிடிப்பது நான்கு சக்கரத்திலும்தான். சாலையைத் தொடுவதோ சக்கரத்துக்கு ஓர் உள்ளங்கை அளவு ரப்பர். ஆனால் வேகத்தை 20-க்குக் குறைத்தால் அதே பனிக்கட்டியில் 16 மீட்டர் போதும். வேகம் பாதியானால் தூரம் கால்பங்காகிவிடும். உங்கள் கையில் இருக்கும் ஒரே பெரிய ஆயுதம் இதுதான், தம்பிகளே.

4. நாலு சக்கர லீவர் இருக்கிற வண்டியானால் அதை எப்போது போடுவது, எப்போது எடுப்பது என்று பழகுங்கள். ஜோங்காவிலும் ஜிப்சியிலும் கையால் போடுவோம். இன்றைய ஜிம்னியிலும் தார் நாலு சக்கர வகையிலும் அப்படித்தான். சாலை வழுக்கத் தொடங்கும் முன்பே போட்டுவிடுங்கள், மாட்டிக்கொண்ட பிறகு அல்ல. காய்ந்த தார் வந்ததும் எடுத்துவிடுங்கள். வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறு வேறு தூரம் உருள வேண்டும். லீவர் போட்டிருந்தால் இரண்டும் கட்டுண்டு இழுத்துக்கொள்ளும், கியர்பெட்டிக்குக் கேடு.

நாலு சக்கரம் போட்டும் வண்டி நகராமல் நிற்பது உண்டு. டிஃப்பரென்ஷியலின் குணம் அது. தண்ணீர் பள்ளத்தைத் தேடுவது போலச் சுழற்சி வழுக்குகிற சக்கரத்தைத் தேடிப் போகும். ஒரு சக்கரம் பனியில் கிறுகிறுவென்று சுற்றும், அதே அச்சில் தரையைப் பிடித்த மற்றது சும்மா நிற்கும். இதைத் தடுக்கத்தான் சில வண்டிகளில் டிஃப்பரென்ஷியல் லாக் வைக்கிறார்கள். சில வண்டிகளில் கம்ப்யூட்டரே சுற்றுகிற சக்கரத்தை பிரேக்கால் பிடித்துக்கொள்ளும். உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்று புத்தகத்தைப் படியுங்கள்.

5. டயர். நம் வெயிலுக்கான டயர் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே விறைக்கத் தொடங்கும். பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ரப்பர் இறுகினால் பிடிப்பு இல்லை. குளிர்காலத்துக்கென்றே செய்த டயர் இன்னும் குளிரிலும் மென்மையாக இருக்கும். அதன் முகமெல்லாம் நுணுக்கமான வெட்டுகள் இருக்கும். பக்கச் சுவரில் மூன்று சிகரமும் நடுவில் பனித்துகளும் வரைந்த அடையாளத்தைத் தேடுங்கள். நல்ல குளிர்கால டயர் போட்ட முன்சக்கர வண்டி, வெயில் டயர் போட்ட நாலு சக்கர வண்டியைவிடச் சீக்கிரம் நிற்கும். திரும்புவதிலும் அப்படியே.

நம் பக்கம் இந்த டயருக்கு ஒரு வாரப் பயணத்துக்காகச் செலவு செய்யச் சொல்ல மாட்டேன். நல்ல பட்டன் உள்ள டயரும், அளவுக்குச் சரியான செயினும் போதும். ஆனால் கனடாவுக்குப் போகிற பிள்ளைகள் இதில் கஞ்சத்தனம் செய்யாதீர்கள். மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் போட வேண்டும் என்பது சட்டம். டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோவில் பொதுவாக அந்தக் கட்டாயம் இல்லை. ஆனாலும் போடுங்கள், நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து. இழுக்கும் இரண்டுக்கு மட்டும் போட்டால் மற்ற இரண்டும் வளைவில் வேறு வழி தேடும்.

காற்றைப் பொறுத்தவரை, இங்கே பார்த்த கணக்கு அங்கே செல்லாது. பத்து டிகிரி குறைந்தால் ஏறக்குறைய இரண்டு பவுண்டு இறங்கும். மலையின் உயரமோ மானியில் கூட்டிக் காட்டும். போய்ச் சேர்ந்த இடத்தில், காலையில் வண்டி நகர்வதற்கு முன் பாருங்கள்.

6. செயினை, எஞ்சின் நகர்த்துகிற சக்கரத்தில் மாட்டுங்கள். ஆல்டோவுக்கு முன்னால், பொலிரோவுக்குப் பின்னால். பின்சக்கர வண்டிக்கு முன்னால் மாட்டிவிட்டு ஏறவில்லையே என்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். நாலு சக்கர வண்டிக்கு முடிந்தால் நான்கிலும். மாட்டிச் சிறிது தூரம் உருட்டி, இறங்கி, மறுபடி இறுக்குங்கள். 30 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். தார் தெரிந்ததும் கழற்றுங்கள், இல்லாவிட்டால் செயின் அறுந்து பிரேக் குழாயை அடிக்கும்.

7. கால் மென்மையாக இருக்க வேண்டும். சூளைக்குப் போகாத பச்சைக் கோப்பையை அச்சிலிருந்து எடுக்கும் பெண்களின் கையைப் பார்த்திருப்பீர்கள். அழுத்தினால் நசுங்கும், உதறினால் விரியும். பனியில் ஆக்ஸிலேட்டர், பிரேக், கிளட்ச், ஸ்டியரிங் நான்கையும் அப்படித்தான் தொட வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு வேலை வாங்காதீர்கள். நேராகப் போகும்போதே வேகத்தைக் குறைத்து முடித்துவிட்டுப் பிறகு திரும்புங்கள். டயருக்கு இருக்கிற கொஞ்சம் பிடிப்பை பிரேக்குக்கும் திருப்பத்துக்கும் பங்கு போட்டால் இரண்டுக்கும் போதாது.

வண்டியைக் கிளப்பும்போது முதல் கியரில் சக்கரம் சுற்றினால் இரண்டாவதில் எடுத்துப் பாருங்கள். விசை குறைந்து போகும், சக்கரம் பிடிக்கும்.

8. வழுக்கிவிட்டால் என்ன செய்வது என்பது வண்டிக்கு வண்டி மாறும். முன்சக்கர வண்டியில் ஸ்டியரிங்கை ஒடித்தும் வண்டி நேராகவே போகும். அப்போது இன்னும் ஒடிக்கத் தோன்றும், ஒடிக்காதீர்கள். காலை மெல்ல எடுங்கள், ஸ்டியரிங்கைக் கொஞ்சம் நேராக்குங்கள், சக்கரம் உருண்டு பிடித்ததும் திருப்புங்கள். பின்சக்கர வண்டியில் வால் வெளியே போகும். காலை எடுத்து, வால் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். வண்டி நேரானதும் உடனே நேராக்குங்கள், இல்லாவிட்டால் அடுத்த பக்கம் வீசும். எங்கள் உஸ்தாத் ஒருவர் (பயிற்சி கொடுப்பவரை ராணுவத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம்) இதைச் சேற்று மைதானத்தில் நாள் முழுக்கச் செய்ய வைத்தார். மற்றப் பையன்கள் திணறினார்கள். மழைக்காலத்தில் கரும்பு டிராக்டர்கள் சிந்திய களிமண்ணில் சைக்கிள் விட்டு வளர்ந்த எனக்கு அது புதிதாக இல்லை. உங்களுக்கும் அந்தப் பழக்கம் உடம்பில் இருக்கிறது. ஐப்பசி மழையில் உளுந்தூர்பேட்டைச் சாலையில் போகும்போது வண்டி எப்படிச் சறுக்கப் பார்க்கிறது என்று கவனித்து வையுங்கள்.

ஏ.பி.எஸ். இருந்தால் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே இருங்கள். மிதி காலடியில் கடகடவென்று அதிரும். பயந்து காலை எடுக்காதீர்கள், அது வேலை செய்கிறது. இல்லாத பழைய வண்டியில் விட்டு விட்டு மிதியுங்கள்.

9. இறக்கத்தில் பிரேக்கை நம்பாதீர்கள், கியரை நம்புங்கள். இறங்குவதற்கு முன்னாலேயே கியரைக் குறைத்துக்கொள்ளுங்கள். பாதி இறக்கத்தில் திடீரென்று குறைத்துக் கிளட்சைப் படாரென விட்டால் எஞ்சின் நகர்த்துகிற சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஆட்டோமேட்டிக் வண்டிகளிலும் தாழ்ந்த கியரில் நிறுத்திவைக்க வழி உண்டு, தேடுங்கள்.

மின்சார வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு சொல். காலை எடுத்தவுடன் மோட்டாரே வண்டியைப் பிடித்து இழுக்கும் அந்த ஏற்பாட்டைப் பனிக்கட்டியில் குறைத்து வையுங்கள், அது திடீர் பிரேக் மாதிரி. குளிரில் பேட்டரி தரும் தூரமும் நன்றாகக் குறையும். ஹீட்டருக்கும் அதே பேட்டரிதான். மற்றபடி அவை பனிக்கு ஆகாதவை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பனி நாடான நார்வேயில் 2024-ல் விற்ற புதுக் கார்களில் பத்தில் ஒன்பது கிட்டத்தட்ட மின்சாரக் கார்கள்.

10. பயணத்துக்கு முன் ரேடியேட்டரில் கூலன்ட். நம் ஊரில் தண்ணீரை ஊற்றியே வருடம் ஓட்டுகிறார்கள். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய ஒன்பது சதவீதம் பெருக்கும். ஈரம் காயாத பொம்மையைச் சூளையில் வைத்தால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆவி வெளியேற வழியில்லாமல் வெடிக்கும். குளிரிலும் அதே கதைதான், இரும்பு என்று பார்க்காது. சில ஆண்டுகளுக்கு முன் நம் பக்கத்து வேன் ஒன்று மணாலியில் ஒரே இரவில் எஞ்சின் பிளாக் விரிந்து, லாரியில் ஏறித் திரும்பி வந்தது. வாஷர் தண்ணீரும் உறையும், அதற்கும் தனித் திரவம் இருக்கிறது.

டீசல் கடுங்குளிரில் மெழுகு கட்டி ஃபில்டரை அடைக்கும். சக்திமான் காலத்தில் இரும்புத் தட்டில் கரி மூட்டி அடியில் வைத்துச் சூடாக்குவோம். அதை நீங்கள் செய்யாதீர்கள். 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் லடாக்குக்கென்றே மைனஸ் 33 டிகிரி வரை ஓடும் குளிர்கால டீசலைக் கொண்டுவந்தது. கீழே நிரப்பிய டீசலோடு மேலே தங்காமல், அங்கே கிடைப்பதை நிரப்புங்கள்.

இரவில் நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், உறைந்து பிடித்துக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். வைப்பர் கைகளைத் தூக்கி நிறுத்துங்கள். காலையில் கண்ணாடிப் பனிமேல் வெந்நீர் ஊற்றாதீர்கள். சூளைக் கதவைச் சூட்டோடு திறந்தால் பீங்கான் விரியுமே, அதுதான்.

11. கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டிக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். வெள்ளையாகக் கிடப்பது எச்சரிக்கை தருகிறது. ஈரச் சாலை மாதிரிக் கறுப்பாக மின்னுவது ஏமாற்றும். வெயில் படாத மலை நிழல், பாலத்தின் மேல்தளம், நீரூற்று குறுக்கே ஓடும் இடம், சுரங்கத்தின் வாய். 2020 அக்டோபரில் திறந்த 9 கிலோமீட்டர் அடல் சுரங்கம் ரோத்தங் கணவாய் ஏற்றத்தின் துன்பத்தைத் தீர்த்தது உண்மை. ஆனால் உள்ளே காய்ந்த சாலையில் வந்த வேகத்தோடு வெளியே பனியில் கால் வைக்கிறார்கள். 2024 டிசம்பரில் அந்தச் சுரங்கத்துக்கும் சோலங்குக்கும் இடையே சுமார் ஆயிரம் வண்டிகள் சிக்கின.

குளிர் கூடக்கூட வழுக்கல் கூடும் என்று நினைப்பீர்கள். அப்படி இல்லை. பூஜ்யத்தை ஒட்டிய நேரத்தில், மேலே மெல்லிய நீர்ப்படலம் நிற்கும்போதுதான் மிக மோசம். கிளேஸ் போட்ட ஓட்டில் தண்ணீர் தெளித்து விரலால் தேய்த்துப் பாருங்கள். ஆகவே காலை பத்து மணி வெயில் வந்துவிட்டது, இனி பயமில்லை என்று கிளம்பாதீர்கள்.

12. சிக்கிக்கொண்டால் வண்டியை விட்டு நடக்காதீர்கள். எஞ்சினை ஓடவிட்டு ஹீட்டர் போடுவதற்கு முன், இறங்கிப்போய் சைலன்சர் குழாயைச் சுற்றிப் பனியைத் தோண்டி எடுங்கள். குழாய் மூடியிருந்தால் புகை வண்டிக்குள் வரும். அதிலுள்ள நச்சு வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. தூக்கம் மாதிரியே வரும். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முர்ரீ மலையில் பனியில் சிக்கி, கார்களுக்குள் இருந்தபடியே இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். குழந்தைகளும் அவர்களில் உண்டு. மணிக்குப் பத்து நிமிடம் எஞ்சின் ஓடினால் போதும். ஒரு ஜன்னலை விரல் அளவு திறந்து வையுங்கள். போர்வை, தண்ணீர், கடலை மிட்டாய், டார்ச், மண்வெட்டி எல்லாம் டிக்கியில் அல்ல, கை எட்டும் இடத்தில்.

13. உள்ளூர் டிரைவர் வேண்டாம் என்றால் வேண்டாம். லீவு முடிகிறது, ஹோட்டலுக்குப் பணம் கட்டியாயிற்று என்பதெல்லாம் மலைக்குத் தெரியாது. எல்லைச் சாலை அமைப்பின் ஆட்கள் புல்டோசரோடு வழி திறக்கும்வரை காத்திருங்கள். நாங்கள் லடாக்கின் கர்துங்லா கணவாயில் இரண்டு நாள், மூன்று நாள் காத்திருப்போம். காத்திருந்ததற்காக யாரும் எங்களைக் கோழை என்று சொன்னதில்லை.

அந்த நான்கு பிள்ளைகளும் புது டயரும் கூலன்ட்டும் செயினும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். செயினைப் பெட்டியோடு வண்டியில் ஏற்றப் போனார்கள், நான் விடவில்லை. மணிமுத்தாற்றங்கரையில், நம் ஊர் வெயிலில், ஆளுக்கு மூன்று முறை மாட்டிக் கழற்ற வைத்தேன். முதல் முறை நாற்பது நிமிடம் ஆயிற்று, கடைசி முறை பன்னிரண்டு. நீங்களும் புறப்படுவதற்கு முன் இங்கேயே பழகிக்கொண்டு போங்கள். அங்கே விரல் விறைத்துவிடும்.